கடைக் கம்ப்யூட்டர் போனால் கணக்கும் சேர்ந்து போக வேண்டுமா?

திண்டுக்கல் பக்கம் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் கேட்டது இது: "போன மாதம் கடைக் கம்ப்யூட்டரில் ஹார்டு டிஸ்க் போய், டேலி மென்பொருளில் இருந்த ஐந்து மாதக் கணக்கு காணாமல் போச்சு. ஜிஎஸ்டி ஓடிபி இன்னும் பழைய கணக்குப்பிள்ளை நம்பருக்குத்தான் போகுது. அவர் வேலையை விட்டு எட்டு மாசம் ஆச்சு. போன வாரம் ஒருத்தர் போனில் பணம் போட்டதாகக் காட்டி 14,000 ரூபாய்க்குச் சரக்கு ஏத்திட்டுப் போயிட்டார், பணம் வரவே இல்லை. பில் பேப்பர் ரெண்டே மாசத்தில் வெளுத்துப் போகுது. 60,000 ரூபாய் போட்டு நல்ல கம்ப்யூட்டராக வாங்கிவிட்டால் இதெல்லாம் தீருமா?"

அண்ணே, அந்த 60,000 ரூபாயை இப்போதைக்குக் கையிலேயே வைத்திருங்கள். நீங்கள் சொன்ன நான்கு தொல்லைகளில் கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்டது ஒன்றுதான். மற்ற மூன்றும் புது மெஷின் வந்த பிறகும் அப்படியே இருக்கும். நத்தம், ஒட்டன்சத்திரம், வத்தலக்குண்டு என்று கடை கடையாகப் போய்க் கம்ப்யூட்டர் பார்ப்பதுதான் இருபது வருஷமாக என் வேலை. அரிசி மில், மருந்துக்கடை, கமிஷன் மண்டி, ஹார்டுவேர் எல்லாவற்றிலும் உட்கார்ந்திருக்கிறேன். மெஷின் கெட்டுப்போனால் ஒரு நாளில் மாற்றிவிடலாம். கணக்கு ஒரே பெட்டிக்குள் இருந்து, அதைத் திறக்கிற சாவி வேறு யாரோ ஒருவர் போனில் இருந்தால்தான் கடை மாதக்கணக்கில் தவிக்கிறது. உங்கள் கேள்வியிலும் அதுதான் தெரிகிறது.

முதலில் அந்தப் பழைய டிஸ்க். அதைத் தூக்கிப் போட்டுவிடவில்லையே? இருந்தால் பத்திரமாக எடுத்து வையுங்கள். "டிஸ்க் போச்சு" என்று சொல்லிக் கொண்டுவரும் மெஷின்களில் பாதியில் எனக்கு விண்டோஸ் மட்டும்தான் கெட்டிருக்கும். டிஸ்க்கைக் கழற்றி ஒரு யுஎஸ்பி கேஸில் போட்டு வேறு கம்ப்யூட்டரில் மாட்டினால், டேலியின் டேட்டா ஃபோல்டர் அப்படியே கண்ணுக்குத் தெரியும். நகல் எடுத்துக்கொண்டால் வேலை முடிந்தது. யாராவது "ஃபார்மட் பண்ணிப் போட்டுத் தர்றேன்" என்று சொன்னால் மட்டும் சம்மதிக்காதீர்கள். அதேபோல, டிஸ்க்குக்குள்ளிருந்து டிக் டிக் என்று சத்தம் வந்தால் இன்னொரு முறை கரண்ட் கொடுக்க வேண்டாம். உள்ளே சுழலும் தட்டின்மேல், தலைமுடிக் கனத்தைவிடப் பல மடங்கு குறைந்த இடைவெளியில் ஒரு முனை மிதந்து ஓடுகிறது. அது தட்டில் உரச ஆரம்பித்துவிட்டால், "வருதான்னு பார்ப்போம்" என்று ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் கொஞ்சம் கொஞ்சமாகக் கணக்கைச் சுரண்டி எடுத்துவிடும். அந்த நிலையில் டேட்டா மீட்கிற ஆய்வகத்துக்குத்தான் அனுப்ப வேண்டும். கட்டணம் கூடுதல்தான், டேட்டா கிடைத்தால் எவ்வளவு, கிடைக்காவிட்டால் எவ்வளவு என்று முன்னாலேயே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

டிஸ்க்கிலிருந்து எதுவுமே வரவில்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் ஐந்து மாதக் கணக்கும் அழிந்துவிடவில்லை, அண்ணே. நீங்கள் ஜிஎஸ்டி ரிட்டர்ன் தாக்கல் செய்திருக்கிறீர்கள் அல்லவா? ஜிஎஸ்டி எண் உள்ளவர்களுக்கு நீங்கள் போட்ட ஒவ்வொரு பில்லும் விற்பனை ரிட்டர்னான ஜிஎஸ்டிஆர்-1இல் பில் நம்பர், தேதி, தொகையோடு போர்ட்டலில் இருக்கிறது. நீங்கள் வாங்கிய சரக்கு, உங்களுக்கு விற்ற கம்பெனிகள் தாக்கல் செய்த அளவில், ஜிஎஸ்டிஆர்-2பி என்ற பட்டியலில் மாதவாரியாக இருக்கிறது. இரண்டையும் எக்செல்லாக இறக்கிக்கொள்ளலாம். வங்கி ஸ்டேட்மென்டையும் எக்செல்லில் கேட்டு வாங்குங்கள். லாரியில் வந்த சரக்குக்கு ஈ-வே பில் (சரக்கோடு வரும் ஜிஎஸ்டி சீட்டு) போட்டிருந்தால் அந்தத் தளத்தில் பதிவு இருக்கும். ஆடிட்டர் அலுவலகத்துக்கு ரிட்டர்னுக்காகக் கடைசியாக அனுப்பிய டேலி பேக்கப் அங்கே ஒரு கம்ப்யூட்டரில் கிடக்க நிறைய வாய்ப்பு உண்டு. எல்லாவற்றுக்கும் முன்னால் அதைக் கேளுங்கள். அது கிடைத்தால் ஐந்து மாத வேலை இரண்டு மாத வேலையாகக் குறைந்துவிடும்.

இதில் எங்கேயும் கிடைக்காதது ஒன்று இருக்கிறது: யார் யார் உங்களுக்கு எவ்வளவு பாக்கி என்பது. சில்லறை விற்பனை ஜிஎஸ்டியில் வரி வாரியாக மொத்தத் தொகையாகத்தான் போகும், ஆள் பெயர் இருக்காது. கொத்தனாரும் பிளம்பரும் மேஸ்திரியும் கடனுக்கு எடுத்துப்போன கம்பியும் பைப்பும் அந்த மொத்தத்துக்குள் கரைந்துவிடும். இதற்கு வாட்ஸப்பைத் தேடுங்கள். நீங்கள் அனுப்பிய பில் பிடிஎஃப்கள், அவர்கள் கேட்டு அனுப்பிய சரக்குப் பட்டியல், "நாளைக்குத் தர்றேண்ணே" என்ற குரல் பதிவு எல்லாம் சாட்சிதான். டெலிவரிச் சிட்டையின் அடிக்கட்டை இருந்தால் இன்னும் நல்லது. பிறகு ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, "கம்ப்யூட்டர் போயிடுச்சு, உங்க கணக்குப்படி எவ்வளவு நிக்குது?" என்று நேராகவே கேளுங்கள். ஒட்டன்சத்திரத்தில் ஒரு கடைக்கு நான் இரண்டு நாள் பக்கத்தில் உட்கார்ந்து இந்த வேலையைச் செய்தேன். நூற்றுக்கும் மேற்பட்ட பாக்கிக்காரர்களில் மறுத்தவர்கள் நான்கு பேர்தான். வருஷக்கணக்கில் பழகிய ஆட்கள், தங்கள் சின்ன நோட்டைத் திறந்து வாசித்தார்கள். அந்த இரண்டு நாளை நான் மறக்கவில்லை.

இனி பேக்கப். எல்லோரும் சொல்லி எல்லோரும் தலையாட்டுகிற விஷயம். செய்கிறவர்களிலும் பலர் தப்பாகச் செய்வதால்தான் இதை விரித்துச் சொல்கிறேன். பழைய விதி ஒன்று உண்டு: கணக்கு மூன்று நகலாக இருக்க வேண்டும், இரண்டு வேறு வேறு பொருளில் இருக்க வேண்டும், ஒன்று கடைக்கு வெளியே இருக்க வேண்டும். கடைக்காரருக்கு இதை நான் இப்படிச் செய்துதருவேன். கம்ப்யூட்டரில் இருப்பது ஒன்று. இரண்டு எக்ஸ்டர்னல் டிஸ்க் வாங்கி, ஒன்றுக்குச் சிவப்பு டேப், இன்னொன்றுக்குப் பச்சை டேப் ஒட்டிவிட வேண்டியது. திங்கள், புதன், வெள்ளி சிவப்பு. செவ்வாய், வியாழன், சனி பச்சை. இரவு கடை அடைக்கும்போது எல்லாக் கம்ப்யூட்டரிலும் டேலியை மூடிவிட்டு, அன்றைய தேதியில் ஒரு ஃபோல்டர் போட்டு நகல் எடுத்து, டிஸ்க்கைக் கழற்றிச் சாப்பாட்டு கேரியரோடு வீட்டுக்கு எடுத்துப் போய்விட வேண்டும். அன்றைக்குக் கடையில் தீப்பிடித்தாலும், திருடன் வந்தாலும், உங்கள் கணக்கு வீட்டில் பத்திரமாக இருக்கும்.

கழற்றி எடுப்பதுதான் இதில் முக்கியம். மாட்டியபடியே விடுகிற டிஸ்க் பேக்கப் ஆகாது. 2017 மே மாதம் வன்னாக்ரை என்ற வைரஸ் உலகம் முழுவதும் கம்ப்யூட்டர்களைப் பூட்டிப்போட்டு, திறக்க 300 டாலர் கேட்டது. அந்த மாதிரி வைரஸ் கம்ப்யூட்டரில் மாட்டியிருக்கும் எல்லா டிரைவையும் சேர்த்தே பூட்டும். அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் அதே வருஷம் மார்ச்சிலேயே கொடுத்திருந்தது. அப்டேட்டை நிறுத்தி வைத்திருந்த மெஷின்கள்தான் பெரும்பாலும் மாட்டின. கிராக் செய்த விண்டோஸும் கிராக் செய்த டேலியும் போட்டுத் தருகிறவர்கள் முதலில் செய்வது அப்டேட்டையும் ஆன்டிவைரஸையும் நிறுத்துவதுதான், இல்லாவிட்டால் கிராக் வேலை செய்யாது. லைசென்ஸுக்கு மிச்சப்படுத்திய காசுக்குக் கடையின் பின்கதவைத் திறந்து வைத்திருக்கிறோம் என்று வாடிக்கையாளர்களிடம் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் ஓய்ந்துவிட்டது. ஆனாலும் சொல்லத்தான் செய்வேன்.

கூகுள் டிரைவில் போட்டால் போதாதா என்று கேட்பீர்கள். போடலாம், கூடுதல் நகலாக. ஆனால் டிரைவ் ஒத்திசைவு முறையில் இருந்தால், இங்கே ஃபைல் கெட்டால் அங்கேயும் கெட்ட ஃபைல்தான் போய் உட்காரும். இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். தேதி போட்ட தனித்தனி நகலாக ஏற்றினால் மட்டுமே அது உங்களைக் காப்பாற்றும்.

அடுத்தது யாரும் செய்யாத காரியம்: எடுத்த பேக்கப்பைத் திருப்பிப் போட்டுப் பார்ப்பது. ஒரு அரிசி மில்லில் இரண்டு வருஷம் நாள் தவறாமல் பேக்கப் எடுத்திருந்தார்கள். மெஷின் போன அன்று திறந்து பார்த்தால், அத்தனையும் இரண்டு வருஷத்துக்கு முந்தைய கணக்கின் நகல். ஏப்ரலில் புது நிதியாண்டுக்கு டேலியில் கம்பெனிக் கணக்கைத் தனியாகப் பிரித்தபோது டேட்டா ஃபோல்டர் மாறியிருக்கிறது. பேக்கப் மட்டும் பழைய ஃபோல்டரையே எடுத்துக்கொண்டிருந்தது. அந்தப் பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்தபடி அந்த பேக்கப் டிஸ்க்கையே பார்த்துக்கொண்டிருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டு லேப்டாப்பில் பேக்கப்பைத் திறந்து இரண்டே இரண்டு விஷயத்தைச் சரிபாருங்கள்: கடைசி பில் நம்பர், கல்லா இருப்பு. கடையில் எழுதி வைத்ததோடு பொருந்தினால் நிம்மதியாகத் தூங்கலாம்.

ஓடிபி விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கேள்வியில் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது இதுதான். பழைய கணக்குப்பிள்ளை நல்லவராகவே இருக்கட்டும். அவர் அந்த சிம்மை ரீசார்ஜ் செய்யாமல் விட்டால்? நிறுத்தப்பட்ட நம்பரை 90 நாள் கழித்துக் கம்பெனி வேறொருவருக்குக் கொடுக்கலாம். அப்புறம் உங்கள் கடையின் ஜிஎஸ்டி ஓடிபி முன்பின் தெரியாத ஒருவர் போனில் மணியடிக்கும். 2025 ஏப்ரல் முதல் ஈ-வே பில், ஈ-இன்வாய்ஸ் (மின்னணு பில்) தளங்களில் எல்லோருக்கும், பாஸ்வேர்டோடு ஓடிபியும் கேட்கும் இரண்டு கட்ட உறுதிப்பாடு கட்டாயம் என்றாகிவிட்டது. ஓடிபி கையில் இல்லாவிட்டால் லாரி சரக்கோடு நிற்கும்.

மாற்றுவது கடினமில்லை. போர்ட்டலில் உள்ளே நுழைய முடிந்தால், பதிவுத் திருத்தத்தில் 'நான்-கோர்' பகுதியில் போய் கையொப்பதாரரின் மொபைலையும் மின்னஞ்சலையும் மாற்றிவிடலாம். இதற்கு அதிகாரியின் ஒப்புதல் தேவையில்லை. பாஸ்வேர்டும் தெரியாது, ஓடிபியும் வராது என்றால், உங்கள் வட்டார ஜிஎஸ்டி அலுவலகத்துக்கு ஜிஎஸ்டி சான்றிதழ், அடையாள அட்டை, கடை உரிமையாளர் நீங்கள்தான் என்பதற்கான ஆவணங்களோடு நேரில் போங்கள். அதிகாரி சரிபார்த்துப் புது மொபைலையும் மின்னஞ்சலையும் பதிந்து தருவதற்கு வழி இருக்கிறது. புது மின்னஞ்சலுக்கு யூசர் ஐடியும் தற்காலிக பாஸ்வேர்டும் வரும். ஆடிட்டரிடம் கோபித்துக்கொள்ளவும் வேண்டாம். நம்பர் உங்களுடையதாக இருக்கட்டும். ஓடிபி வரும்போது நீங்கள் படித்துச் சொல்லுங்கள். அவர் வேலையை அவர் செய்வார், சாவி உங்களிடம் இருக்கும். டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் அவர் மேஜை டிராயரில் கிடந்தால் அதையும் கேட்டு வாங்கிவிடுங்கள். அது உங்கள் கையெழுத்து.

இந்தச் சாக்கில் கடைக்கென்று ஒரு சிம் வாங்குங்கள், உங்கள் பெயரில், உங்கள் ஆதாரில். வங்கி, ஜிஎஸ்டி, மின்சாரக் கணக்கு, கடை வாட்ஸப், கூகுள் மேப்பில் உள்ள கடைப் பக்கம், கடை ஜிமெயில் எல்லாம் அதில் இருக்கட்டும். பிறகு ஒரு சாதாரண நாற்பது பக்க நோட்டு எடுத்து, ஒரு பக்கத்துக்கு ஒன்றாக எழுதுங்கள்: எந்தக் கணக்கு, எந்த நம்பர், எந்த மின்னஞ்சல், புதுப்பிக்க வேண்டிய தேதி, கூப்பிட வேண்டிய ஆள். அதைக் கல்லாவில் வைக்க வேண்டாம். வீட்டில் பத்திரம் வைக்கிற இடத்தில் வைத்து, அண்ணியிடமோ பிள்ளைகளிடமோ சொல்லி வையுங்கள். உரிமையாளர் திடீரென்று ஆஸ்பத்திரியில் படுத்துவிட, மனைவிக்கு ஒரு பாஸ்வேர்டும் தெரியாமல் கடை இருபது நாள் பூட்டிக் கிடந்ததைப் பார்த்தவன் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

வாட்ஸப்பில் இன்றே இரண்டு காரியம். அமைப்புகளில் போய் இரண்டு படிச் சரிபார்ப்புக்கு ஆறு இலக்க பின் போடுங்கள். ஓடிபியை யாரோ ஏமாற்றி வாங்கினாலும் அந்த பின் இல்லாமல் கணக்கை உடனே பறிக்க முடியாது. அடுத்து 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' என்ற இடத்தைத் திறந்து பாருங்கள். வேலையை விட்டுப் போனவருடைய லேப்டாப் இன்னும் அங்கே இருந்தால், உங்கள் வாடிக்கையாளரோடு நீங்கள் பேசும் விலை அத்தனையும் இன்றுவரை அவர் படிக்க முடியும். வெளியேற்றிவிடுங்கள். கூடவே ஒன்று: "டிராஃபிக் சலான்", "கல்யாணப் பத்திரிகை" என்று ஏபிகே ஃபைலாக (போனில் செயலியை ஏற்றுகிற ஃபைல்) வருவதைக் கடையில் யாரும் திறக்கக் கூடாது. சலானும் பத்திரிகையும் ஏபிகேயாக வரவே வராது. அது குறுஞ்செய்தி படித்து ஓடிபி திருடுகிற செயலி.

14,000 ரூபாய் கதை மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. இந்த வகையில் பணம் எந்தக் கணக்கிலிருந்தும் நகர்வதில்லை. பணம் போனது போலவே பச்சை டிக்கும் சத்தமும் காட்டுகிற போலிச் செயலியைத் திறந்து காட்டிவிட்டுப் போகிறார்கள். அதனால் வங்கியில் முடக்கி வைக்கவும் எதுவும் இருக்காது. காவல் நிலையத்தில் ஏமாற்றுப் புகாராகத்தான் கொடுக்க வேண்டும். பில், வண்டி நம்பர், சிசிடிவிப் பதிவு மூன்றும் தேவை. சிசிடிவியின் பதிவுப் பெட்டியில் (டிவிஆர்) இடம் நிறைந்தால் பழையதன்மேல் புதியதை எழுதிவிடும். சில கடைகளில் ஒரே வாரத்தில் அழிந்துவிடும். எனவே இந்தப் பதிலைப் படித்து முடிக்கும் முன்னால் அந்த நாளின் பதிவைப் பென் டிரைவில் எடுத்துவிடுங்கள்.

இனிமேல் கடையில் ஒரே ஒரு சட்டம் போதும்: வாடிக்கையாளர் போனைப் பார்த்துச் சரக்கு ஏற்றக் கூடாது, நம்முடைய பக்கம் வந்ததைப் பார்த்துத்தான் ஏற்ற வேண்டும். ஸ்பீக்கர் பெட்டி சொன்னாலோ, கடை போனில் உள்ள செயலியின் வரவுப் பட்டியலில் தெரிந்தாலோ வரவு. கூட்ட நேரத்தில் பையன்கள் திணறுவார்கள், அதனால் கடை போன் கவுன்டரிலேயே இருக்கட்டும். நெட்வொர்க் படுத்து, அவர் கணக்கில் பிடித்து நமக்கு வராமல் போவதும் உண்மையிலேயே நடக்கும். அப்போது அவரைத் திருடனாக நடத்தாதீர்கள். கடையில் செலுத்தியது இப்படி மாட்டிக்கொண்டால், பரிவர்த்தனை நாளுக்குப் பிறகு ஐந்து நாளுக்குள் பணத்தைத் திருப்ப வேண்டும், தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் ஈடு தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2019இலேயே விதித்திருக்கிறது. அதைச் சொல்லி, வேறு வழியில் பணம் வாங்கிக்கொள்ளுங்கள். தெரிந்த ஆள் என்றால் பற்றில் எழுதிக்கொள்ளலாம்.

காலையில் கடை திறந்ததும் உங்கள் கியூஆர் அட்டையை உங்கள் போனிலேயே ஒரு முறை ஸ்கேன் செய்து பெயரைப் பாருங்கள். 2025 ஜனவரியில் மத்தியப் பிரதேசத்தின் கஜுராஹோவில் இரவோடு இரவாகப் பல கடைகளின் கியூஆர்மேல் வேறு ஸ்டிக்கரை ஒட்டிவிட்டார்கள். பணம் போடும்போது வேறு பெயர் வருகிறதே என்று வாடிக்கையாளர் சொல்லித்தான் வெளியே தெரிந்தது. பணம் வாங்குவதற்கு ரகசிய எண் (PIN) ஒருபோதும் தேவையில்லை என்பதைக் கடைப்பையன் வரை சொல்லி வையுங்கள். "பட்டாளத்துக்கு நூறு மூட்டை சிமென்ட் வேணும், பணம் அனுப்ப இந்த கியூஆரை ஸ்கேன் பண்ணி, ரகசிய எண் போடுங்க" என்று யாராவது கேட்டால் உடனே வைத்துவிடலாம். உங்கள் கணக்கிலிருந்து பணம் போய்விட்டால் மட்டும் ஒரு நிமிஷமும் யோசிக்காமல் சைபர் மோசடி உதவி எண் 1930க்குக் கூப்பிடுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குக்குத் தாவும் முன்னால் பிடிக்க வேண்டிய ஓட்டம் அது.

இன்னொரு சிக்கல் இப்போது சிறு கடைகளைப் பிடித்து ஆட்டுகிறது. எங்கேயோ மோசடி செய்த பணத்தில் ஒருவன் உங்கள் கடையில் பெயின்ட் வாங்கிப் போயிருப்பான்; அந்த வழக்கில் உங்கள் கணக்கு முழுவதையும் முடக்கிவிடுவதும் உண்டு. செக் திரும்பும், சம்பளம் கொடுக்க முடியாது. அதனால் கியூஆர் பணம் விழுவதற்கு என்று தனியாக ஒரு கணக்கு வைத்து, தினமும் இரவில் பிரதானக் கணக்குக்கு மாற்றிவிடுவது நல்லது என்பது என் கருத்து. ஒவ்வொரு விற்பனைக்கும் பில் இருப்பதும் அப்போதுதான் கைகொடுக்கும். பில்லைக் காட்டித்தான் அது முறையான வியாபாரம் என்று சொல்ல முடியும்.

பில் என்றதும் வெளுத்துப்போகிற பேப்பர். அதில் மையே கிடையாது, அண்ணே. பேப்பரின் மேல்பூச்சு சூடு பட்டால் கறுக்கும், அவ்வளவுதான். வெயில், சூடு, எண்ணெய்க் கை, பிளாஸ்டிக் உறை எல்லாம் அந்தப் பூச்சைக் கெடுக்கும். கண்ணாடி ஷோகேஸ் மேல் வெயிலில் ரோலை அடுக்கி வைத்திருந்தால் அச்சடிக்கும் முன்னாலேயே பாதி உயிர் போயிருக்கும். மலிவு ரோல் சீக்கிரம் வெளுக்கும். நல்ல பூச்சுள்ள ரோல் வாங்குங்கள். எந்தப் பக்கம் பூச்சு என்று தெரியாவிட்டால் நகத்தால் கீறுங்கள், கறுப்புக் கோடு விழும் பக்கம்தான் அச்சுப் பக்கம். அச்சு வரி வரியாக விட்டுவிட்டு வந்தால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் பிரின்டரின் அச்சுமுனையைத் துடையுங்கள். ஜிஎஸ்டி சட்டப்படி கணக்கு ஆவணங்களை ஆண்டு ரிட்டர்னின் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். 2025-26 கணக்கு என்றால் 2032 டிசம்பர் வரை. தெர்மல் பேப்பர் அவ்வளவு நாள் தாங்காது. நீங்கள் கொடுக்கும் பில் டேலியில் இருக்கும்; உங்களுக்கு வருகிற தெர்மல் பில்லை அன்றே போனில் படமெடுத்து மாதவாரி ஃபோல்டரில் போட்டுவிடுங்கள். டிரில் மெஷின், மோட்டார் மாதிரி வாரன்டி சாமான்களுக்கு ஏ4 பில் கொடுத்தால் வாடிக்கையாளர் உங்களை வாழ்த்துவார்.

பில்லில் பொருள் பெயரைத் தமிழில் போட வேண்டும் என்பது என் ஆசை. மேஸ்திரிகள் படித்துச் சரிபார்த்துக்கொள்வார்கள், பாக்கித் தகராறு குறையும். தமிழ் கட்டம் கட்டமாக வந்தால் பிரின்டர் கெட்டுவிட்டதென்று நினைக்காதீர்கள். சின்ன பில் பிரின்டர்கள் பெரும்பாலானவற்றில் தமிழ் எழுத்து உள்ளே இருக்காது. மென்பொருள் அதைப் படமாக மாற்றி அனுப்ப வேண்டும். "தமிழை கிராஃபிக்ஸாக அச்சிடும் வசதி இருக்கிறதா" என்று வாங்கும் முன் கேளுங்கள். பெயர்களை யூனிகோடிலேயே தட்டச்சு செய்யுங்கள். பழைய பாமினி, வானவில் எழுத்துருவில் ஏற்றியதெல்லாம் மென்பொருள் மாறினால் குப்பையாகிவிடும்.

டேலியைச் சரிசெய்யும்போது வரி விகிதத்தையும் பார்த்துவிடுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சிமென்ட் 28 சதவீதத்திலிருந்து 18க்கு வந்துவிட்டது. பழைய பேக்கப்பைத் திருப்பிப் போடும்போது பொருள் பட்டியலில் பழைய விகிதம் திரும்ப வந்து உட்கார வாய்ப்பு இருக்கிறது. விகிதத்தை மாற்றும்போது நடைமுறைத் தேதியோடு மாற்றுங்கள், இல்லாவிட்டால் பழைய பில்களின் வரியும் சேர்ந்து மாறும்.

கடைசியாகக் கம்ப்யூட்டர். பழைய மெஷின் விண்டோஸ் 10 என்றால், 2025 அக்டோபர் 14 உடன் அதற்கு வழக்கமான பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டது; நீட்டிப்புத் திட்டத்தில் சேர்ந்தவர்களுக்கு மட்டும் அதற்குப் பிறகும் கொஞ்ச காலம் வரும். மெஷின் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய இன்டெல் என்றால் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. அப்படியானால் வாங்கத்தான் வேண்டும். ஆனால் டேலிக்கும் பில்லுக்கும் ஐ3, 8 ஜிபி ரேம், எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத டிஸ்க்), அசல் விண்டோஸ் போதும். எஸ்எஸ்டி சத்தமே இல்லாமல், முன்னறிவிப்பு இல்லாமல் போகும். வேகமாக இருக்கிறதே என்று பேக்கப்பை விட்டுவிடாதீர்கள். மிச்சப் பணத்தில் இரண்டு எக்ஸ்டர்னல் டிஸ்க்கும் நல்ல யூபிஎஸ்ஸும் வாங்குங்கள். யூபிஎஸ் பேட்டரி இரண்டு மூன்று வருஷம்தான், அதனால் வாங்கிய தேதியை மார்க்கரில் அதன்மேலேயே எழுதிவிடுங்கள். லேசர் பிரின்டரை யூபிஎஸ்ஸில் மாட்டாதீர்கள், அதன் சூடேற்றி இழுக்கிற கரண்டை அது தாங்காது. உங்கள் கடையில் பைப் கட்டிங் மெஷின் ஓடும் லைனிலேயே கம்ப்யூட்டர் இருந்தால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுத் தனி லைன் இழுத்து எர்த்தையும் பார்க்கச் சொல்லுங்கள். சிபியூவைத் தரையிலிருந்து ஒன்றரை அடி உயர்த்தி வையுங்கள். சிமென்ட் தூசு ஈரத்தோடு சேர்ந்து ஃபேனில் கல்லாகப் பிடித்த மெஷின்களை உளி வைத்துச் சுரண்டியிருக்கிறேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை கடை லீவில் அந்தப் பழைய டிஸ்க்கை யுஎஸ்பி கேஸில் மாட்டிப் பாருங்கள். சத்தம் வந்தால் உடனே கழற்றிவிடுங்கள். சத்தம் இல்லாமல் டேட்டா ஃபோல்டர் தெரிந்தால், எதையும் திறக்காமல் முதலில் முழுசாக நகல் எடுத்துவிட்டு, நகலைத் திறந்து கடைசி பில் நம்பர் என்னவென்று பார்த்துச் சொல்லுங்கள். அந்த நம்பர் தெரிந்தால், எத்தனை நாள் பில்லை மறுபடி ஏற்ற வேண்டியிருக்கும் என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.